வாளியின் எடை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது, நகராட்சிக் குப்பைப் பிரிவில் என் மேலதிகாரி. குப்பையைக் குறைத்த வீட்டுக்கு வீட்டு வரியில் தள்ளுபடி. திட்டம் தொடங்கி ஓராண்டு ஆகிவிட்டது, கையேட்டில் போட ஒரு வெற்றிக் கதை வேண்டுமாம். எங்கள் பகுதியிலேயே எடை குறைந்த குப்பை வாளி எங்கள் வீட்டினுடையது.

“உங்க அம்மாவையே எழுதிடும்மா. அலையுற வேலை மிச்சம்.”

2

முதல் தொடக்கம்: அம்மாவின் கண்கள் பெருமையில்

(விட்டுவிட்டேன். அம்மா அப்போது பால் பாக்கெட்டைக் கழுவிக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தது முதுகை.)

3

இரண்டாம் தொடக்கம்: நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். அம்மா ஓராண்டாகக் காய்கறித் தோலையும் தாளையும் பிரித்து வைத்தாள். தள்ளுபடி, அடுத்த தெருவில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போனது.*

“ஏன்டி, அந்த விதிய எழுதுறப்ப நாம எந்த வீட்ல இருந்தோம்?”

“இதே வீட்லதான்.”

“சரி. மறந்திருப்ப.”

* ‘தள்ளுபடி பெறுபவர்: வரி கட்டுபவர்’ என்று எழுதியது நான். குடும்பத்தின் முதல் பட்டதாரி.

4

வீட்டுக்காரர் வந்தார். “தள்ளுபடி எனக்கு வந்துக்கிட்டிருக்கிற வரைக்கும் வாடகைய ஏத்த மாட்டேம்மா. உங்க கைராசி.”

“கைராசி இல்லைங்க, கைவலி” என்றாள் அம்மா.

அன்று இந்தக் கதையின் முதல் பிரதியைக் கிழித்து வாளியில் போட்டேன். அம்மா பொறுக்கி என் பையில் திணித்தாள். “ஆபீஸ் குப்பைய ஆபீஸ்லயே போடு. எடை கூடுது.”

5

முடிவு ஒன்று: வீட்டுக்காரர் மனம் திருந்துகிறார். (கையேட்டுக்கு மட்டும்.)

முடிவு இரண்டு எழுத வரவில்லை. காரணம் இது: விதியைத் திருத்தும் கோப்பு என் மேசையில் இருக்கிறது, நாளை கையெழுத்துக்குப் போகவேண்டும். ‘குடியிருப்பவர்’ என்று மாற்றினால் பணம் அம்மா கைக்கு வரும். வாடகை அதைவிட அதிகமாக ஏறும். அதைத் தடுக்கக் குப்பைப் பிரிவுக்கு அதிகாரம் இல்லை. மாற்றாவிட்டால் எங்கள் வாடகை ஏறாமல் நிற்கும். ஊரில் குடியிருப்பவர்களெல்லாம் அடுத்தவர் வரியைக் குறைக்கப் பாக்கெட் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். கொடியிலிருந்து பாக்கெட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

“போன தடவ என்னை நினைக்காம எழுதுன. இந்தத் தடவ என்னை மட்டும் நினைச்சு எழுதாத.”

6

படித்தவர்கள்தானே நீங்களும். கோப்பில் அந்த ஒரு வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

தள்ளுபடி பெறுபவர்: ____________

நிதானமாக எழுதுங்கள். வாடகை ஏறினால் கட்டப்போவது நீங்கள் இல்லை.