சனிக்கிழமைக் கடமை

போர்ட்லண்டில் நவம்பர் மாதத்து விடியல் என்பது இருட்டு கொஞ்சம் சாம்பலாவது, அவ்வளவுதான். அந்தச் சாம்பல் வெளிச்சத்தில், கூரை கழற்றிய ஒரு பழைய வீட்டின் மேல்தளத்தில் நின்று பலகை பெயர்த்துக்கொண்டிருந்தோம். கடப்பாரையைப் பலகைக்கு அடியில் செருகி உடம்பின் கனத்தை அதன்மேல் சாய்த்தால், பாட்டன் காலத்து ஆணி முனகிக்கொண்டே மேலே வரும். அவசரப்பட்டால் பலகை பிளந்துவிடும். பிளந்தது குப்பை, முழுசாக வந்தால்தான் சரக்கு. மழை முதுகில் இறங்கி இடுப்பில் தேங்கியது. முகமூடிக்குள் விட்ட மூச்சு முகத்திலேயே புழுங்கியது. ஈரத்திலும் அந்த மரம் பிசின் வாசனை அடித்தது.

இந்த ஊரில் பழைய வீட்டை இயந்திரத்தை விட்டு நொறுக்கக் கூடாது. கையால்தான் பிரிக்க வேண்டும், மரமும் செங்கல்லும் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நகரசபை சட்டம் போட்டிருக்கிறது. நல்ல சட்டம்தான். அதைக் குறை சொன்னால் என் வாய் வெந்துபோகும், எங்கள் கைகளுக்கு வேலை கொடுத்ததே அதுதானே. வாசலில் பச்சை நிறத்தில் ஒரு போர்டு வைத்திருந்தார்கள்: 'பூமிக்கு வலிக்காமல் பிரிக்கப்படும் வீடு.' பூமிக்கு வலிக்கக் கூடாதாம். மற்றவர்களைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை.

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் எங்களுக்குச் சம்பளம் கிடையாது. கேட்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நாங்கள் அத்தனை பேரும் மெக்சிகோவில் ஓஹாகா மலையில் ஒரே ஊர்க்காரர்கள். எங்கள் ஊரில் தெக்கியோ என்று ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் கட்ட வேண்டுமா, பாலம் இடிந்ததா, மணி அடித்தால் வீட்டுக்கு ஒருவர் வந்து நின்றாக வேண்டும். கூலி கேட்பது கேவலம். வராமல் இருப்பது அதைவிடக் கேவலம். எங்கள் முதலாளி அபுந்தியோவும் அதே ஊர்தான். எங்களோடு சேர்ந்தே இந்த வேலையைக் கற்றவர், என் மகளுக்கு ஞானத்தகப்பன். ஆங்கிலம் வந்ததால் உரிமம் அவர் பெயரில் எடுத்தோம். கம்பெனி தொடங்கிய அன்றைக்கு எல்லாருக்கும் எங்கள் ஊர் மெஸ்கால் சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இது என் கம்பெனி இல்லை, நம் ஊரின் கம்பெனி, காலூன்றும் வரைக்கும் சனிக்கிழமைகளைத் தெக்கியோவாகக் கொடுங்கள் என்றார். யாராவது முகம் சுளித்தோமா? நான் சோளமாவு பிசைந்து வாழையிலைத் தமாலே அவித்து அண்டாவோடு கொண்டுபோனேன்.

பிதென்சியோ எனக்கு இரண்டு எட்டு முன்னால் வேலை செய்துகொண்டிருந்தான். எங்களில் வாயாடி அவன்தான். அபுந்தியோ அண்ணன் வாங்கிய புது வண்டியில் நம்மை ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறாரே, ஊர் கம்பெனியின் வண்டியில் ஊருக்கு இடமில்லையா என்று கிண்டல் செய்துகொண்டே அடுத்த பலகையில் காலை வைத்தான். தளம் அப்படியே உள்வாங்கியது. கத்தக்கூட அவனுக்கு நேரமில்லை. கீழேயிருந்து சத்தம் மட்டும்தான் வந்தது.

நாங்கள் இறங்கி ஓடியபோது செங்கல் குவியலின்மேல் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. காலை அசைக்கச் சொன்னேன். அசைக்கிறேனே, தெரியலையா என்றான். கால் அசையவே இல்லை.

ஆம்புலன்ஸ் அவனைக் கொண்டுபோன பிறகுதான் அண்ணாந்து பார்த்தோம். அந்தத் தளத்தைத் தாங்கிக்கொண்டிருந்த நீள உத்திரத்தைக் காணவில்லை. இந்தச் சுவரில் ஒரு துண்டும் அந்தச் சுவரில் ஒரு துண்டும்தான் நீட்டிக்கொண்டிருந்தன. மிச்சம் கொல்லைப்பக்கத்தில் தார்ப்பாயின் அடியில் கிடந்தது, உடைந்து, பக்கவாட்டில் இரும்புப் பல் கடித்த தடத்தோடு. கைவேலையில் மேலே இருப்பது போன பிறகுதான் கீழே இருப்பதைத் தொடுவோம். உத்திரம் கடைசியில்தான் இறங்கும். இது தெரியாதவர் எங்களில் யாரும் இல்லை, அபுந்தியோ உட்பட. வெள்ளிக்கிழமை மத்தியானமே, மழை கடுமையாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்று எங்களை அனுப்பிவைத்தார். என்ன நல்ல மனசு என்று பேசிக்கொண்டே பஸ் ஏறினோம். அந்த மாதிரி நீள உத்திரத்துக்குப் பணக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள், சாப்பாட்டு மேசை செய்ய. பொறுக்க முடியாமல் இயந்திரத்தை வரவழைத்து உருவியிருக்கிறார்.

இதைக்கூட அவசரப் புத்தி என்று நினைத்து நான் மன்னித்திருப்பேன். ஆஸ்பத்திரியில் நடந்ததுதான் என் நெஞ்சில் தைத்தது. எங்களுக்கு முன்னால் அங்கே போன அபுந்தியோ, கவுண்டரில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி முடித்திருந்தார். பிதென்சியோவின் மனைவி ஹெர்லிந்தாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வந்த பெண், உங்கள் கணவர் வேலையில் அடிபட்டவர் இல்லையாமே, சொந்தக்காரருக்கு ஒத்தாசையாகப் போனவராமே என்று கேட்டிருக்கிறாள். அப்படியானால் வேலைக்காயக் காப்பீடு கிடையாது. முதுகெலும்பு அறுவைக்கும், அதற்குப் பிறகு எத்தனை காலம் படுக்கையோ அதற்கும் ஆகும் செலவெல்லாம் அவர்கள் தலையில்தான். ஹெர்லிந்தா அழவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் எல்லாரும் அந்த வீட்டின் முன்னால் கூடினோம், கடப்பாரை இல்லாமல். நகரசபை இன்ஸ்பெக்டர் அன்றைக்கு வருவதாக இருந்தது, நாங்கள்தான் போன் போட்டிருந்தோம். அதற்குள் கொல்லையில் மஞ்சள் இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது, பக்கத்தில் ஒரு குப்பை லாரியும். உடைந்த உத்திரத்தை அள்ளிப் போட்டுவிட்டால் கேட்பதற்கு என்ன மிச்சமிருக்கும்? நாங்கள் போய்த் தார்ப்பாயைச் சுற்றி நின்றுகொண்டோம்.

அபுந்தியோ சிரித்துக்கொண்டேதான் வந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய் பிதென்சியோவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன் என்றார்.

"மெழுகுவர்த்தி இருக்கட்டும் அண்ணே. அவன் வேலையில விழுந்தான்னு ஆஸ்பத்திரில சொல்லுங்க. அது போதும்," என்றேன்.

"எப்படிச் சொல்றது தங்கச்சி? சனிக்கிழமை நான் யாரையும் வேலைக்குக் கூப்பிடலையே. தெக்கியோன்னு நீங்களாத்தானே வந்தீங்க. தெக்கியோவுக்கு யாராவது இன்ஷூரன்ஸ் கேப்பாங்களா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

நாங்கள் புனிதமாக நினைத்துக் கொடுத்த ஒன்றை எடுத்து எங்கள் தலையிலேயே போட்டாரே, அந்த நிமிஷம் என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் குழந்தையை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திய கை அது.

"ஊர்ல தெக்கியோல கை ஒடிஞ்சா, ஊரே அவன் காட்டை உழும், ஊரே அவன் வீட்டுக்குச் சோறு போடும். அந்தப் பாதி மட்டும் எப்படி அபுந்தியோ உனக்கு மறந்துபோச்சு?"

அண்ணே என்று வாயில் வரவில்லை. இனிமேலும் வராது.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நீங்கள் வேலையை நிறுத்தினால் என்ன, நாளைக்கே வேறு ஆட்கள் வருவார்கள் என்றார். வரட்டும் என்றோம். பிரிக்கிற வேலைக்குப் பழகிய கை வேண்டும், பழகிய கைகள் அத்தனையும் இங்கேதான் நிற்கின்றன. கையை விட்டு இயந்திரத்தால் வீட்டைத் தொட்டால் நகரசபை அவருடைய உரிமத்தைப் பறிக்கும். இது அவருக்கும் தெரியும். அதனால்தான் அடுத்ததாக இயந்திரக்காரனைப் பார்த்துக் கையசைத்தார், இவர்கள் விலகுவார்கள், நீ அள்ளு என்று.

இயந்திரக்காரன் பெயர் பொக்தான், உக்ரைன்காரன். வேறு வீடுகளில் பார்த்திருக்கிறோம், பேசினதில்லை. இயந்திரத்தின் கை மெதுவாக எழுந்து எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றது. ஹெர்லிந்தாவின் தம்பி என் தோளைப் பிடித்தான், அவன் தோளை இன்னொருவர் பிடித்தார். ஓட்டல் பாத்திரம் கழுவுகிறவர்கள், நாற்றுப்பண்ணையில் வேலை செய்கிறவர்கள் என்று எங்கள் ஊர்க்காரர்கள் வேலை உடுப்போடு வந்து வந்து பின்னால் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

இயந்திரத்தின் கை கீழே இறங்கியது, காலி மண்ணில். பிறகு உறுமல் நின்றது. பொக்தான் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான்.

"வெள்ளிக்கிழமை அந்த மரத்தை இழுத்தது நான்தான்," என்றான், தட்டுத்தடுமாறி ஸ்பானிஷில். "மேல தளம் இருக்கேன்னு கேட்டேன். திங்கள் வரைக்கும் யாரும் ஏறமாட்டாங்கன்னு இவர் சொன்னார். சனிக்கிழமை ஆளுங்க வருவாங்கன்னு எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் வரட்டும், நானே சொல்றேன்."

உனக்கும் நாளையிலிருந்து வேலை கிடையாது என்று அபுந்தியோ கத்தினார். பொக்தான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இழுத்தவன் அவன்தான், அவனைக் கட்டிக்கொள்ளவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை எனக்கு. கடைசியில் கொஞ்சம் நகர்ந்து நின்று, பக்கத்தில் இடம் விட்டேன். வந்து நின்றான்.

மழை வலுத்தது. இன்ஸ்பெக்டர் வண்டியைக் காணோம். அபுந்தியோ தன் புது வண்டிக்குள் உட்கார்ந்து யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். அப்போது என் போன் அடித்தது, ஆஸ்பத்திரியிலிருந்து ஹெர்லிந்தா. அறுவைக்கு அழைத்துப்போகப் போகிறார்களாம், அதற்கு முன்னால் பேச வேண்டும் என்று அவன் அடம் பிடிக்கிறானாம்.

"அக்கா, அங்க யாரெல்லாம் நிக்கிறாங்க?" பிதென்சியோவின் குரல் தேய்ந்துபோயிருந்தது.

நான் சொல்வதைவிட அவர்களே சொல்லட்டும் என்று போனை வரிசையில் கொடுத்தேன். ஒருத்தர் ஒருத்தராகத் தங்கள் பெயரை மழைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்கள். சிலர் அப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள், ஊரில் சொல்கிற மாதிரி. பொக்தானிடம் போன் வந்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பிறகு, "பொக்தான். இயந்திரம் ஓட்டுறவன்," என்றான்.

போன் என் கைக்குத் திரும்பி வந்தபோது மறுமுனையில் கட்டிலைத் தள்ளும் சத்தம் கேட்டது.

"என் பேரையும் சேத்துக்கோ அக்கா," என்றான்.

சேர்த்துக்கொண்டேன். எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.