ஊசி காட்டிய இடம்

ஊசி சுற்றி வந்து நின்றது. அதன் முனை சின்னக்கண்ணுவை நேராகப் பார்த்தது. முனியப்பன் கோயில் வேப்பமரத்தடியில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் அதிர்ந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லாரையும்விட அதிகமாக அதிர்ந்தவன் தர்மன். ஊசியை மிதக்கவிட்டவன் அவன். சின்னக்கண்ணு அவன் பெற்ற மகள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருடம் அது. பாப்பாரப்பட்டிப் பக்கம் எந்த ஊரில் எது திருட்டுப் போனாலும் தர்மனைத்தான் கூப்பிடுவார்கள். உழுது பிழைப்பவன்தான் என்றாலும் அப்பன் வழியில் அவனுக்கு ஒரு கறுப்புக் கல் வந்திருந்தது. சாமிக்கல் என்பார்கள். ஆணியைக் கிட்டே கொண்டுபோனால் தாவி ஒட்டிக்கொள்ளும். மழைக்குப் பிறகு ஓடை மணலில் புரட்டினால் கறுமணல் தாடிபோல் அப்பிக்கொள்ளும். அப்படிப்பட்ட கல்லுக்குள் சாமி இல்லாமல் வேறு என்ன இருக்க முடியும்?

சந்தேகத்துக்கு ஆளானவர்களை வட்டமாக உட்கார வைப்பான். நடுவில் பித்தளைத் தட்டு, அதில் தண்ணீர். கல்லில் குங்குமம் வைத்த பக்கத்தில் ஊசியைக் காதிலிருந்து முனைவரை ஒரே போக்காகத் தேய்த்து, காய்ந்த அரசிலையில் வைத்து மிதக்கவிடுவான். இலை தானாகத் திரும்பும். முனை யாரை நோக்கி நிற்கிறதோ அவர்தான் கள்ளன். நின்ற மறுகணமே தண்ணீரை அந்த ஆளின் காலடியில் கொட்டிவிட வேண்டும். இரண்டாம் முறை கேட்டால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். தர்மனின் அப்பன் இரண்டாம் முறை கேட்டதில்லை, அவன் தாத்தனும் கேட்டதில்லை. வட்டத்துக்குள் அரிவாள், கொடுவாள் கூடாது. வட்டத்தில் இடைவெளியும் கூடாது.

அந்த இடைவெளிதான் இன்று வினையாகிப் போனது. ஊர்ப் பெரியதனக்காரர் மாயவன் வீட்டில் வெள்ளித் தண்டை காணாமல் போயிருந்தது. உட்கார வேண்டிய ஒருத்திக்குக் காய்ச்சல். காலையில்தான் மாரண்டஹள்ளியிலிருந்து, புருஷன் வீட்டிலிருந்து, வண்டியில் வந்து இறங்கிய சின்னக்கண்ணு, “சும்மா இடத்தை அடைக்கத்தானே, நான் உக்காந்துக்கறேன்” என்று சிரித்தபடி வந்து உட்கார்ந்தாள்.

இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“தண்ணியக் கொட்டு தர்மா,” என்றார் மாயவன்.

“ஐயா, எம் பொண்ணு இன்னைக்குத்தானுங்க வந்தா. தண்டை போயி நாலு நாளாச்சுங்களே!”

“ஊசி பொய் சொல்லாதுன்னு நீதானப்பா இத்தன வருசமாச் சொல்லிட்டிருக்கே? ஊரான் பிள்ளைன்னா ஒரு நாயம், உம் பிள்ளைன்னா ஒரு நாயமா?”

தர்மன் மகளின் காலைப் பார்த்தான். தண்ணீர் காலில் பட்டுவிட்டால் அவள் கள்ளி. கள்ளி என்று பேர் வாங்கியவளை மாரண்டஹள்ளியில் வாசல்படி ஏற விடமாட்டார்கள். மகளும் பொய் சொல்லவில்லை, சாமியும் பொய் சொல்லாது என்றால் இங்கே நடப்பது என்ன? அவன் தட்டைத் தூக்கவில்லை. இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“இன்னொருக்கா கேக்கறேன்,” என்றான்.

கூட்டம் கொதித்தது. யாரோ ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே சின்னக்கண்ணு ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, முனை என்னைக் காட்டுது. ஊசிக் காது யாரைக் காட்டுது?”

காது, எதிரே உட்கார்ந்திருந்த பச்சியப்பனைக் காட்டியது. பச்சியப்பன் தேள் கொட்டியவன்போல் துள்ளி எழுந்தான். சின்னக்கண்ணு விறுவிறுவென்று நடந்துபோய் அவன் இடத்தில் உட்கார்ந்தாள்.

“இப்பக் கேளுங்க.”

தர்மன் விரலால் இலையைச் சுழற்றிவிட்டான். அது ஆடியது, தயங்கியது, திரும்பியது. முனை மகளைத் தேடி வரவில்லை. அவள் விட்டு வந்த வெற்றிடத்தையே நோக்கி நின்றது. அங்கே மிதிபட்ட புல் மட்டும் இருந்தது. அதற்கு அப்பால், வடக்கே, மொட்டைக்கரடு என்ற பாறைக்குன்று தெரிந்தது.

வேகமாகச் சுழற்றினான். மீண்டும் கரடு. தட்டைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்கு ஓடி அங்கே வைத்தான். அங்கேயும் கரடுதான். தண்ணீர் தளும்பி வேட்டி நனைய, தட்டை மறுபடி மரத்தடிக்கே கொண்டுவந்து வைத்தான்.

சின்னக்கண்ணு விடவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த செல்லம்மாளின் முந்தானையில் குத்தியிருந்த தையல் ஊசியை வாங்கி வந்தாள். “இதத் தேய்க்காம மிதக்க விடுங்க.”

விட்டான். கிழக்கே வைத்தால் கிழக்கே கிடந்தது. மேற்கே திருப்பினால் மேற்கே கிடந்தது. அதற்கு எந்தக் கவலையும் இல்லை. பிறகு அதே ஊசியை எடுத்துக் கல்லில் ஒரே போக்காகத் தேய்த்து மிதக்கவிட்டான். சற்றுமுன் சோம்பிக் கிடந்த ஊசி இப்போது யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பி, கரட்டைப் பார்த்து நின்றது.

“அது ஆளைக் காட்டலப்பா,” என்றாள் சின்னக்கண்ணு. “வடக்கைக் காட்டுது. யாரு உக்காந்தாலும், உக்காராட்டியும்.”

கல் தன் குணத்தை இரும்புக்குள் ஏற்றுகிறது. குணம் ஏறிய இரும்பு வடக்கே தலை வைக்கிறது. அவ்வளவுதான் தர்மனுக்கு விளங்கியது. இந்தப் பூமியே ஒரு பெரிய காந்தம், அது தன்மேல் இருக்கும் எல்லாக் காந்தத்தையும் வடக்கு தெற்காகத் திருப்பி நிறுத்தப் பார்க்கிறது, அதற்குத் தண்டையும் தெரியாது கள்ளனும் தெரியாது என்று எடுத்துச் சொல்ல அந்தக் கூட்டத்தில் ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும் அவன் காதில் ஏறியிருக்காது. வட்டம் போட்டு உட்கார வைத்தால் வடக்கே எவராவது ஒருவர் இருக்கத்தானே வேண்டும்! இத்தனை வருடமாக அந்த ஒருவரைத்தான் அவன் பிடித்துக் கொடுத்திருக்கிறான். அதற்கு ஊரார் கொடுத்த மரியாதையை வெட்கமில்லாமல் வாங்கியும் கொண்டிருக்கிறான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தண்டையைப் பற்றி மாயவன்கூடப் பேசவில்லை. கூட்டம் கலையலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது.

அப்போதுதான் ராமக்கா முன்னால் வந்தாள். பெரியண்ணன் என்பவனின் பெண்சாதி. ஆறு வருடத்துக்கு முன் இதே மரத்தடியில், மாயவன் வீட்டு ஏர்மாடு காணாமல் போனதற்கு, ஊசி பெரியண்ணனைக் காட்டியது. காலில் தண்ணீர் பட்ட ஈரத்தோடு ஊரைவிட்டுப் போனவன். கோலார்ச் சுரங்கத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், செத்துப்போனதாக இன்னொருவர் சொன்னார். ராமக்கா தனியாளாகக் கேழ்வரகு விதைத்துத் தின்கிறாள். கள்ளன் பெண்டாட்டி என்று தண்ணீர்த் துறையில் அவளுக்குக் கடைசி இடம்.

அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“தர்மண்ணா,” என்றாள். “எங்க வூட்டுக்காரரு அன்னைக்கு எந்தப் பக்கம் உக்காந்திருந்தாருங்க?”

தர்மனுக்கு அது நன்றாக நினைவிருந்தது. மறந்துபோயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஊசி தன்னை நோக்கி நின்றதும் பெரியண்ணன் செய்தது தர்மனின் கண்ணுக்குள்ளேயே இருந்தது. தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பெரியண்ணன் அன்று திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருவரும் இல்லை. மொட்டைக்கரடு மட்டும்தான் இருந்தது.

“சொல்லுங்கண்ணா.”

தர்மன் கையைத் தூக்கி, மிதிபட்ட புல் கிடந்த அந்த இடத்தைக் காட்டினான். தட்டில் கிடந்த ஊசியும் அதே இடத்தைத்தான் காட்டியது.