வீட்டுத் தண்ணீர்

ஆடிட் வரும் நாளில் எங்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். எங்களை என்றால், வாயை அடக்கத் தெரியாதவர்களை. மொத்தம் பதினேழு பேர். ஏதாவது ஒரு அணைக்கட்டைச் சுற்றிக் காட்டி, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பொழுது சாயும்போது திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். நானும் நாலு தடவை போயிருக்கிறேன். அணையில் பார்க்க என்ன இருக்கிறது? தண்ணீர்தான் இருக்கிறது.

எங்கள் ஆலையில் குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் பளபளப்பு ஏற்றுகிறோம். தொட்டியில் முக்கி எடுத்துக் கழுவினால், கழுவின தண்ணீரில் விஷம் இறங்கும். அந்தத் தண்ணீரைத் தெளிய வைக்கும் இடத்தில் எனக்கு வேலை. அடியில் பச்சையாகச் சேறு தங்கும். அதை வழித்து மூட்டை கட்டுவேன்.

ஆலை ஒரு பெரிய கம்பெனியுடையது. குழாய் வாங்குகிற ஜனங்கள், மண்ணைக் கெடுக்காமல்தான் இதைச் செய்கிறீர்களா என்று கேட்க ஆரம்பித்தார்களாம். நியாயமான கேள்விதான். கம்பெனி என்ன செய்தது? வாசலில் பச்சைப் போர்டு வைத்தது. ஆலைக்குப் பின்னால் தோட்டம் போட்டது. பசுமைப் பிரிவு என்று ஒரு அறையைத் திறந்தது. பேக்கிங்கில் நின்றுகொண்டே தபாலில் படித்த என் மகளைக் கூப்பிட்டு, அந்த அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தது. அவளுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. கம்பெனி எதையாவது தூக்கிக் கொடுத்தால், நான் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பேன்.

இந்தத் தடவை பஸ் லிஸ்டில் என் பெயர் இல்லை. நான் சொன்னால் அப்பா கேட்பார் என்று மகள் பொறுப்பேற்றிருந்தாள். எங்கள் கூட்டத்தில் கொக்கு என்று ஒருத்தன் உண்டு, கழுத்து அப்படி. பஸ் ஜன்னலில் அந்தக் கழுத்தை நீட்டினான்.

"என்னண்ணே, உங்கள நல்லவங்க பக்கம் சேத்துட்டாங்க போல? உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"போடா, அணையப் போய்ப் பாரு."

"கையில என்ன, ராஜா வீட்டுத் தண்ணியா? கேன்டீன் தண்ணி என்னைக்குத்தான் உங்களுக்கு இறங்கப்போகுதோ."

ஒன்பது வருஷமாக வீட்டிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுபோகிறேன். ஒன்பது வருஷமாக அவனும் கேலி செய்கிறான்.

மூன்று நாளாக மகள் எனக்குப் பாடம் எடுத்திருந்தாள். அவள் காய் நறுக்குவாள், நான் பதில் சொல்ல வேண்டும்.

"சேறு எங்க போகுதுன்னு கேட்டா?"

"லாரியில போகுது."

"எங்கப்பா?"

"அரசாங்கம் அனுமதிச்ச கிடங்குக்கு."

"அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். உங்களுக்கு அதுதான் கஷ்டம்."

அவள் அதை நம்பினாள். மாதம் இரண்டு லாரி ரசீது அவள் ஃபைலில் இருக்கிறது. லாரி உண்மையாகவே வரும். மூட்டையை ஏற்றிக்கொண்டு, முன்வாசலில் பதிந்துவிட்டு வெளியே போகும். அரை மணி கழித்துப் பின்வாசல் வழியாக உள்ளே வரும். பின்னால் வெட்டி வைத்த குழியில் நாங்கள் மூன்று பேர் இறக்குவோம். மற்ற இரண்டு பேர் இப்போது இல்லை. முதல் குழி நிரம்பினதும் மண் போட்டு மூடி, அதன் மேல்தான் பூச்செடி வைத்தார்கள். அங்கிருந்து நாற்பது அடி தள்ளிக் கேன்டீனின் ஆழ்துளைக் கிணறு. மகள் வேலைக்குச் சேர்ந்த அன்று, கம்பெனித் தண்ணி குடித்தால் உனக்குச் சளி பிடிக்கும் என்று சொல்லி அவளுக்கும் ஒரு பாட்டில் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டு வாங்கினாள்.

ஆடிட் அன்று காலையில் அவள் ஃபைல் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கடைசிப் பக்கத்தைக் கூட்டிப் படித்தேன். மேலே சொன்னதெல்லாம் உண்மை, பொறுப்பு இன்னார் என்று ஒரே ஒரு பெயர். என் மகளுடையது.

"மேனேஜர் கையெழுத்து எங்கம்மா?"

"இது பசுமைப் பிரிவு பேப்பர்ப்பா. நான்தான் போடணும். இன்னைக்கு ஆடிட்டர் முன்னாடி போடப்போறேன்."

அந்த நாற்காலி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாளைக்கு எவனாவது தோண்டினால், மேனேஜர் வேறு ஊர்க் கிளையில் இருப்பான். கையெழுத்து இவளுடையதாக இருக்கும்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சாயங்காலம் சொல்லுங்கப்பா, நேரமாச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் நின்று கேட்காமல் போனது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். அறையில் ஆடிட்டர், மேனேஜர், மகள். ஆடிட்டர் சின்ன வயதுக்காரர். பூட்ஸ் தருகிறார்களா, கையுறை தருகிறார்களா என்று கேட்டுக் கேட்டுக் கட்டத்தில் குறி போட்டார்.

"சேறு எங்க போகுதுங்க ஐயா?"

"லாரியில போகுது."

"எங்க?"

மகள் பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தாள். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது தாய் வாயைத் திறப்பாளே, அப்படி அவள் உதடு எனக்காக அசைந்தது.

"முன்வாசல்ல போயி பின்வாசல்ல வருது. தோட்டத்துக்கு அடியில கிடக்கு. கொட்டினது நான்தான்."

மேனேஜர் சிரித்தான். "பெரியவருக்கு வயசாயிடுச்சு சார். கொஞ்ச நாளாவே மறதி. எதையோ நினைச்சுக்கிட்டு எதையோ சொல்றார்."

ஆடிட்டர் தாளைப் புரட்டினார். "இதுக்கு இங்க கட்டமே இல்லையே. ரசீது இருக்கா, இல்லையான்னுதான் இருக்கு. ரசீது இருக்கு." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மேடம். இவருக்கு மறதியா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலடியில் இருந்த கேனைப் பார்த்தாள். பிறகு தன் பையில் நீட்டிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

"எங்கப்பாவுக்கு மறதியெல்லாம் கிடையாது சார். நான் இதுல கையெழுத்துப் போடல."

ஆடிட்டர் தாளின் அடியில் ஏதோ எழுதினார். காட்டுங்கள் என்றேன். திருப்பிக் காட்டினார். கூட்டிப் படித்தேன். 'மேலும் ஆய்வு தேவை.' மூன்றே வார்த்தை. தோண்டுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

ஒரு மணிக்குள் இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு வெளியே விட்டார்கள். ரோட்டுக்கு வரும்வரை அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வேலை போன கோபம் என்று நினைத்தேன்.

"வேற வேலை கிடைக்கும்மா."

"அத விடுங்க. நான் சேர்ந்த அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு மட்டும் பாட்டில் குடுத்தீங்க."

"நீ என் பொண்ணு."

"உள்ள இருநூறு பேர் குடிக்கிறாங்கப்பா. கொக்கு மாமா உங்க முன்னாடியே ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு உங்கள கேலி பண்ணுவார். நீங்களும் சிரிப்பீங்க. நான் பாத்திருக்கேன்."

கம்பெனியை எத்தனையோ கேட்டிருக்கிறேன். என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"வேணாம். பஸ் வரட்டும். பதினாறு பேருக்கும் உங்க வாயாலேயே சொல்லுங்க."

எதிர்ச்சாரியில் பூட்டிக் கிடந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்தோம். அவள் பாட்டிலையும் திறக்கவில்லை, என் கேனையும் தொடவில்லை. வெயில் இறங்கினபோது பஸ் திரும்பியது. ஜன்னலில் கழுத்து தெரிந்தது.

"என்னண்ணே, உங்களையும் வெளிய உக்கார வெச்சுட்டாங்களா? பேசாம எங்ககூடவே வந்திருக்கலாம்."

எழுந்து நின்றேன். "கீழ இறங்குடா," என்றேன். "எல்லாரையும் இறங்கச் சொல்லு."