எழுந்திருக்க மறுத்தவன்

மாயாண்டிக்கு வலது தோள் எரிந்தது. விடியும்வரை சிங்கப்பூர் தஞ்சோங் பாகார்த் துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி சுமந்தவன், தோலுரிந்த அந்தத் தோளிலேயே செத்துப்போன அண்ணன் வடிவேலுவைச் சாய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அண்ணி கண்மணி தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

"அன்னைக்கு நாடகத்துல வேலோட வந்து எழுப்புனீங்களே கொழுந்தனாரே, இன்னைக்கும் எழுப்புங்க பாப்போம்."

அவன் செம்பை வாங்கி அண்ணன் தலையில் ஊற்றினான்.

தேக்கா மாட்டுக்கொட்டில்களுக்குப் பின்னால் போட்ட அந்த நாடகம் வடிவேலு எழுதியது. கங்காணி அடித்து ஒரு கூலி சாகிறான். பிணம் கிடக்கத் திரை விழுகிறது. அவ்வளவுதான்.

"சாமி வராம ஒரு நாடகமா? போலீசு அனுமதிச் சீட்டக் கிழிச்சிருவான்" என்று நாடகக் கொட்டகைக்காரர் நாகூர் கனி முடிவை மாற்றினார். கங்காணி திருந்திப் பிணத்துக்குப் பட்டுப் போர்த்துவான்; முருகன் வந்து எழுப்புவான்; எல்லாரும் வெள்ளைக்கார ராஜாவுக்கு வாழ்த்துப் பாடுவார்கள். பிண வேஷம் வடிவேலுவுக்கு. முருகன் வேஷம் மாயாண்டிக்கு.

ஆட்டத்தன்று மாயாண்டி மூன்று முறை பாடியும் வடிவேலு எழவில்லை. முன்வரிசையில் நிஜக் கங்காணி. கொட்டகையில் இருமல்கூட இல்லை. மாயாண்டி குனிந்து, அண்ணன் விலாவில் வேலால் குத்தி, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். சனம் கைதட்டியது.

மறுநாளே வடிவேலுவுக்கு வேலை போயிற்று. அப்புறம் காய்ச்சல். நேற்று மாயாண்டி வேலைக்குப் புறப்படும்போது, "ஒருவாட்டியாச்சும் பொணத்த எழுப்பாம ஆடுங்கடா" என்றான் வடிவேலு.

"சரிண்ணே."

திரும்பி வருவதற்குள் உயிர் போயிருந்தது.

நாகூர் கனி வாசலில் செருப்பைக் கழற்றினார். கையில் புதுப் பட்டு.

"கங்காணி குடுத்துவிட்டாரு தம்பி. மேல போத்தணுமாம்."

"முடிவ நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, பாய்" என்றாள் கண்மணி.

கனி தரையைப் பார்த்தார். "மத்தியானக் கப்பலுக்குக் கங்காணிதான் ஆளு பேரு எழுதுறாரு, மாயாண்டி. இந்த வீடும் அவரோடது."

"வேணாம்" என்றாள் கண்மணி.

மூலையில் அவளுடைய இரண்டு பெண்களும் ஒரே தட்டில் பழைய சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

மாயாண்டி பட்டை வாங்கினான். உதறினான். காலிலிருந்து கழுத்துவரை போர்த்தினான். கண்மணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாடையைத் தூக்கினார்கள். கால்வாய்ப் பாலத்தில் மாயாண்டி தோள் மாற்றினான். பட்டு வழுக்கியது, இழுத்துச் சரிசெய்தான்.

பிணத்தை எழுப்பாமல் ஒரே ஓர் ஆட்டம். அண்ணனுக்கு அவன் பட்ட கடன் அது. இன்னும் பாக்கி.