குதிக்க வேண்டிய பக்கம்

மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்ட தாள் மணாலியில் இருக்கும் மலையேற்றப் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் மாறனின் இடம் அடுத்து காத்திருப்பவருக்குப் போய்விடும். மின்னஞ்சலில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், மரியாதையாகவே. மணி பதினொன்று. அம்மா சந்திரகலா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு கையெழுத்துமா."

"வருஷம் திரும்பலடா. சாவு விழுந்த வீட்ல வருஷம் திரும்பற வரைக்கும் மலை ஏறக்கூடாது. நானா போட்ட சட்டம் அது?"

"அது கோயில் மலைக்கு. இது இமயமலை."

"அங்க சாமி இல்லியா?"

சந்திரகலாவிடம் பேசி ஜெயித்தவர்கள் வேங்கிக்காலில் யாரும் இல்லை. மாறன் ஜன்னல் பக்கம் திரும்பினான். அங்கேயும் மலை. இந்த ஊரில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் அதுதான் நிற்கும்.

"போன பௌர்ணமிக்கு நீ மட்டும் போய்ட்டு வந்த?"

"நான் சுத்தனேன். சுத்தலாம். ஏறக்கூடாது."

பயிற்சி ஆறு நாள். செப்டம்பர் எட்டில் ஆரம்பம். கத்தி முனை மாதிரி போகும் மலைமுகட்டில், பாறையும் பனியும் மாறி மாறி வரும் இடத்தில், ஒரு வழிகாட்டிக்கு இரண்டே பேர். புதியவர்களைச் சேர்க்க மாட்டார்கள். ஆறாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு சிகரமாவது ஏறியிருக்க வேண்டும். மாறன் இரண்டு ஏறியிருந்தான். இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த இடம். தாளில் கணவனோ மனைவியோ சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்; இல்லாதவர்களுக்குப் பெற்றோர். முன்பெல்லாம் மனைவி தென்றல் படிக்காமலே போட்டுத் தருவாள். போன செப்டம்பர் பதினான்காம் தேதி டெங்குவில் போய்விட்டாள். நான்கே நாள் காய்ச்சல். அப்பா இறந்து எட்டு வருடம். மிச்சமிருப்பது அம்மா.

பயிற்சி இன்னும் ஆறு நாள் தள்ளி ஆரம்பித்தால் வருடம் திரும்பிவிடும். வெறும் ஆறு நாள். அதை நினைக்க நினைக்க எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனான். மாமனார் அப்பாதுரை சொன்னால் அம்மா கேட்பாள்.

அப்பாதுரை சாமந்தித் தோட்டத்தில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மடியில் இருந்த பூவைக் கூடையில் கொட்டினார்.

"பதினாலுன்னு யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"அன்னிக்குத்தானே மாமா."

"அது தேதி, மாப்ள. செத்தவங்களுக்கு ஏது தேதி, திதிதான். ஆவணி வளர்பிறை ஏகாதசி. இந்த வருஷம் செப்டம்பர் மூணுலயே வருது. ஐயருக்கும் சொல்லியாச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "போன மாசமே போன்ல சொன்னேனே. சரி சரின்னீங்க."

மாறனுக்கு அப்படி ஒரு போன் வந்த நினைவே இல்லை. இந்த ஒரு வருடத்தில் எதற்கெல்லாம் சரி சொன்னானோ. மனைவிக்கு எந்த நாளில் திதி என்றுகூடத் தெரியாமல், ஒரு வாரமாக அம்மாவிடம் ஆறு நாளுக்காகச் சண்டை போட்டிருக்கிறான். அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எரிச்சல் இப்போது வேறு பக்கம் திரும்பியது.

"உங்கம்மாகிட்ட நான் பேசட்டுங்களா?"

"வேணாம் மாமா. நானே பேசிக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி அம்மா முன்னால் போட்டான். மூன்றாம் தேதிக் கட்டத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் இருந்தது. அவள் போட்டதுதான்.

"தெரிஞ்சேதான் இழுத்தடிச்சியாமா?"

சந்திரகலா காலண்டரைப் பார்க்கவில்லை. "அங்க என்னதான் சொல்லித் தராங்க? ஏறத்தான் உனக்குத் தெரியுமே."

சுருக்கமாகச் சொல்லி முடிக்க நினைத்தான். அதுதான் தப்பாகப் போனது.

"முகட்டுல ரெண்டு பேரு ஒரே கயித்துல நடப்பாங்க. ஆணி அடிக்க எடம் இருக்காது. கூட வர்றவன் இந்தப் பக்கம் சரிஞ்சான்னா, நான் அந்தப் பக்கம் குதிக்கணும். கயிறு முகட்டுல மாட்டி ரெண்டு பேரும் நின்னுடுவோம். யோசிக்கவெல்லாம் நேரம் இருக்காது. அதைப் பழக்குவாங்க."

"குதிக்கிறதுக்கு ஒரு படிப்பு."

"மா."

"அதுக்கு நான் கையெழுத்துப் போடணும்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் இல்லை என்று மாறனுக்குத் தெரியும். மூன்று மணிக்கு மணாலியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, வருகிறீர்களா இல்லையா என்று இந்தியில் கேட்டாள். வருகிறேன் என்றான். நாலு மணிக்குத் தாளை மேஜை மேல் வைத்து, பேனாவை அதன் மேல் வைத்தான். நாலரைக்கும் பேனா அங்கேயே இருந்தது.

அவன் சமையலறை வாசலில் போய் நின்றான். "போடலன்னா போடலன்னு சொல்லிடு. போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்."

சந்திரகலா குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"கூட வர்றவன் யாரு?"

"தெரியாது. அங்க போனாத்தான் தெரியும்."

"பேரு தெரியாதவனுக்காக நீ குதிப்ப."

"அவனும் எனக்காகக் குதிப்பான்."

"அது சரி." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "நீ வேணும்னே விழுந்தா?"

ஒரு வருடமாக இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்டதில்லை. மாறனுக்குக் கோபம் வந்தது. கத்தியிருப்பான். ஆனால் அம்மா திரும்பி அவன் முகத்தையே பார்த்தாள். பொய் சொன்னால் தெரிந்துவிடும். சட்டென்று 'இல்லை' என்று சொல்லவும் முடியவில்லை.

"கயித்துல இன்னொருத்தன் இருக்கான்மா," என்றான் கடைசியில். "வேணும்னு விழுந்தா அவனையும் இழுத்துட்டுப் போய்டுவேன். அது என்னால முடியாது."

"முடியாதா?"

"முடியாது."

"தனியா எங்கயும் ஏற மாட்டியே? கயிறு இல்லாம?"

"மாட்டேன்."

சந்திரகலா கூடத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். தெரியாத இங்கிலீஷ் வார்த்தைகளில் விரலை வைத்து அர்த்தம் கேட்டாள். உறவுமுறை என்ற கட்டத்தில் 'அம்மா' என்று தமிழில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"மணி அஞ்சாகப் போவுது. அனுப்பு."

மாறன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தான். எழுத்தெல்லாம் கலங்கி விழுந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இன்னொன்று எடுத்தான். அதுவும் கலங்கியிருந்தது. அம்மா அவன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"நீ தாளை அமுக்கிப் புடி. நான் எடுக்கறேன்."