கறை உள்பக்கம்

விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அம்மா ஒரு பக்கத்து முனைகளைப் பிடித்து உதற, எதிரே சில்லு கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றாள். மருத்துவமனையின் பின்பக்கச் சலவைக்கூடம் அது. உலர்த்தும் எந்திரம் சூடான விரிப்புகளைக் கக்கிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் வியர்த்திருந்தது.

சின்ன வயதில் கைபட்டதையெல்லாம் உடைத்துச் சில்லாக்கியதால் ஒட்டிக்கொண்ட பெயர். கல்லூரியில் கடைசிப் பருவம். வகுப்பு இல்லாத காலைகளில் அம்மாவுக்குக் கைகொடுக்க வந்துவிடுவாள்.

"அடிக்குதா?"

"அடிக்குது. எடுக்கலை."

"எப்படி எடுப்பான்? உன் நம்பரைப் பார்த்தாலே பேயைப் பார்த்த மாதிரி இருக்கும்."

சில்லு கையைக் காட்டி அம்மாவை அடக்கினாள். எடுத்துவிட்டான்.

"சார், வணக்கம் சார். காலேஜ் வேலைவாய்ப்பு முகாம்ல உங்க ஸ்டால்ல செலக்ட் ஆனேனே சார். ஆமா சார், கண்ணாடி போட்ட பொண்ணு. சரிங்க சார். இல்ல சார், எப்பன்னு தெரிஞ்சா... சார்? சார்?"

கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பிராசஸ்ல இருக்காம்."

"போன வாரமும் அங்கதான இருந்துச்சு. இன்னும் நகரலையா?" அம்மா விரிப்பைப் பாதியாக மடித்துக்கொண்டே முன்னால் வந்தாள். "முகாம்ல உன்னை என்னன்னு கூப்பிட்டான்?"

"மேடம்னு."

"இப்ப?"

சில்லு யோசித்துப் பார்த்தாள். "வாம்மா போம்மான்னு."

"இறங்கிட்ட பாரு."

அடுத்த விரிப்பின் நடுவில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. இரண்டு தடவை துவைத்தும் போகாத கறை. வெளியே வண்டி காத்திருந்தது. மேஸ்திரி மூன்றாவது தடவை போட விடமாட்டார். அம்மா கறையை உள்பக்கமாகத் திருப்பினாள். அந்தக் கூடத்தில் அதுதான் வழக்கம். மேலே பார்த்தால் பால் போலிருக்கும். வார்டில் விரிக்கும்போதுதான் விஷயம் தெரியும்.

"உன் ஆளும் இதைத்தான் பண்றான்" என்று விரிப்பை அடுக்கின் மேல் வைத்துத் தட்டினாள் அம்மா. "உள்ள என்னமோ இருக்கு. வெளிய வெள்ளையாத் தெரியுது."

சில்லுவுக்கும் அதே அரிப்புதான். முகாமன்று கழுத்துப்பட்டை கட்டிய அந்த ஆள் அவளிடம் இரண்டே கேள்விதான் கேட்டான். வெளியூர் போவீங்களா, ஷிஃப்ட் பார்ப்பீங்களா. இரண்டுக்கும் சரியென்றதும் 'தேர்வானவர்' என்று அச்சடித்த பச்சை அட்டையைக் கையில் கொடுத்துவிட்டான். கல்லூரியின் புகைப்படக்காரர் ஓடிவந்து, "தூக்கிப் பிடிம்மா, பல்லு தெரியட்டும்" என்றார். தூக்கிப் பிடித்தாள். பல்லும் தெரிந்தது. அந்தப் பல்லோடுதான் இப்போது கல்லூரி வாசலில் இரண்டாள் உயரப் பலகையில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். வேலை என்னவென்றுதான் இன்னும் தெரியாது.

வியாழக்கிழமை ஒரு கணக்கு நிறுவனம் தேர்வு வைக்க வருகிறது. போன வருடம் போன அக்காமார் நிஜமாகவே சேர்ந்து, நிஜமாகவே சம்பளம் வாங்கும் இடம். இந்த வருடத்துக்கு அதுதான் கடைசி. பெயர் கொடுக்கப் போனவளை, கல்லூரியில் இதையெல்லாம் கவனிக்கும் பிளேஸ்மென்ட் சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உனக்குத்தான் கிடைச்சிடுச்சே."

"இன்னும் லெட்டர் வரலை சார்."

"வரும். அட்டை வாங்கினல்ல? போட்டோ இருக்கில்ல?" பேனாவால் பின்னாலிருந்த சுவரைக் காட்டினார். சட்டமிட்ட விதிப்பலகை. மேல் வரியில், ஒரு மாணவருக்கு ஒரு வேலை. கீழ் வரிகளைக் கல்லூரி வாங்கிய கேடயங்கள் மறைத்துக்கொண்டிருந்தன. "உனக்கு ரெண்டு குடுத்தா இன்னொருத்தி வயித்துல அடிச்ச மாதிரி ஆகும். அந்தக் கம்பெனியே உன்னை எடுக்கலைன்னு எழுதிக் குடுக்கட்டும். பார்ப்போம்."

அந்த வயிற்றுக் கதையைக் கேட்டதும் அம்மா துப்பட்டியை உதறுவதுபோல் முந்தானையை உதறினாள். "நாளைக்கு நான் லீவு. நேராப் போயே பார்த்துடுவோம்."

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. படியெல்லாம் ரப்பர் நாற்றம். பெயர்ப்பலகையில் மூன்று நிறுவனங்களின் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தன. உள்ளே ஒரே அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிச் சுவரோரம் நின்றன. முகாமில் வைத்திருந்த பதாகை சுருட்டி மூலையில் சாய்த்திருந்தது. கழுத்துப்பட்டை ஆணியில் தொங்க, அதற்குச் சொந்தக்காரன் மேசையில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பட்டை இல்லாமல் பார்த்தால் சில்லுவைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றாள் அம்மா, ஒரு நாற்காலியை உருவி எடுத்து அவனுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தபடி. "நாங்க எங்கயும் போகப் போறதில்ல."

அவன் பொட்டலத்தைப் பாதியிலேயே மடித்து வைத்தான். கை கழுவிவிட்டு வந்தான்.

"பிராசஸ்ல இருக்குன்னு சொன்னேனே."

"அந்த ஊருக்கு எந்த பஸ்ஸு போகுது தம்பி? நாங்களே போய்ப் பார்த்துட்டு வந்துடுறோம்."

அவன் சில்லுவைப் பார்த்தான். அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"வேலை இருக்கா சார், இல்லையா?"

அவன் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துக்கொண்டான்.

"எங்ககிட்ட கம்பெனிங்க ஆள் கேட்டாத்தான் நாங்க எடுத்துக் குடுக்க முடியும். யாரும் கேக்கலை. உங்க காலேஜுலதான் ஸ்டால் காலியா இருக்கு, வந்து உக்காருங்கன்னாங்க."

"அப்ப அந்த அட்டை?"

"அது உங்க காலேஜ் அடிச்சது. கட்டோட மேசையில வச்சிருந்தாங்க. தீர்ற வரைக்கும் குடுங்கன்னாங்க. குடுத்தேன்."

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னேனா இல்லையா என்ற பார்வை. ஆனால் அதில் சந்தோஷமில்லை.

"அதையே எழுதிக் குடுங்க" என்றாள் சில்லு. "எடுக்கலைன்னு ஒரு வரி. நாளைக்கழிச்சு பரீட்சை இருக்கு எனக்கு."

"எடுக்கலைன்னு எழுதினா அட்டை பொய்யின்னு ஆகுமே. அப்புறம் எந்தக் காலேஜும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. எனக்கும் மேல ஒருத்தர் இருக்காரு."

"நீ எழுதாட்டி நான் சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாள் அம்மா. "எனக்கு உக்கார இடம் கிடைக்கிறதே அபூர்வம்."

அவன் ஆணியிலிருந்து பட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். முகம் மாறிவிட்டது; முகாமில் பார்த்த முகம். "உங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு ஆனாப் போதுமில்ல மேடம்? எழுதித் தர்றேன்."

மேடம். சில்லுவின் காது அதைப் பிடித்தது. ஆனாலும் அவன் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் இரண்டு பேருடைய கண்ணும் தாளின்மேல் போய்விட்டது. நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாள்தானா என்று சில்லு பார்த்தாள். தன் பெயர், பதிவெண், தேதி எல்லாம் சரிபார்த்தாள். அம்மாவின் கவனமெல்லாம் முத்திரையில்.

"சீல் மங்கலா இருக்கு. இன்னொண்ணு குத்து."

குத்தினான். அம்மா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எச்சில் தொட்டு ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தாள். மை கலையவில்லை. 'மேற்படி மாணவி எங்கள் நிறுவனம் வழங்கிய பணியைச் சொந்தக் காரணங்களால் ஏற்கவில்லை. இனி அவருக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை' என்று சில்லு வாய்விட்டுப் படித்தாள். கடைசி வரி நன்றாக இருந்தது. படி இறங்கும்போது அதை இன்னொரு தடவை சொல்லிக்கொண்டாள்.

"சரியான எத்தன்" என்றாள் அம்மா. "ஆனா எங்கிட்ட நடக்குமா?"

வியாழக்கிழமை காலை பிளேஸ்மென்ட் சார் தாளை வாங்கிப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அவருடைய உதட்டோரம் லேசாக இழுபட்டது.

"என்னம்மா இது, நீதானா வேண்டாம்னு சொன்ன?"

"இல்ல சார். வேலையே இல்லை. அவரே வாயால சொன்னாரு."

"வாயால சொன்னது யாருக்கு வேணும்? இதுல நீ மறுத்துட்டேன்னு இருக்கு. சீலு வேற ரெண்டு." எழுந்து போய், கேடயங்களைப் பக்குவமாக ஒவ்வொன்றாக நகர்த்தினார். விதிப்பலகையின் கீழ்வரிகள் வெளியே வந்தன. கிடைத்த வேலையை மறுக்கும் மாணவர் அதன்பின் எந்தத் தேர்விலும் கலந்துகொள்ள முடியாது.

"அந்த அட்டையை அடிச்சது யாருங்க சார்?" என்று அம்மா கேட்டாள்.

"அம்மா, இது ஆபீஸு. வெளிய நில்லுங்க."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். கேடயங்களைப் பழைய இடத்துக்கு நகர்த்தி வைத்தார்.

வராந்தாவில் வகுப்பறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அவளுடைய வகுப்புப் பெண்கள் குனிந்து தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் யாரோ பையை வைத்திருந்தார்கள். அம்மா தாளை வாங்கி, இப்போதுதான் முதல் தடவையாக, முத்திரையை விட்டுவிட்டு எழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். முடித்ததும் மகளிடமே கொடுத்துவிட்டாள்.

"நான் சீலைத்தான் பார்த்தேன்" என்றாள்.

"நானும்தான்."

வாசலில் புது மாணவர் சேர்க்கைக்கு வந்தவர்கள் நின்றிருந்தார்கள். பலகைக்குக் கீழே, ஓட்டுநர் சீருடையில் ஒருவர் தன் மகளுக்கு அண்ணாந்து எதையோ காட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்த சில்லுவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"இது நீதானம்மா? பாரு பாப்பா, இந்த அக்காதான். கண்ணாடிகூட அதே கண்ணாடி."

அந்தப் பெண் கூச்சத்தோடு சிரித்தாள். கையில் ஒரு புதுக் கோப்பு, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"எங்கம்மா வேலை? நல்ல கம்பெனியா? ஒண்ணும் ஏமாத்து இல்லையே?" என்றவர் பதிலுக்குக் காத்திராமல் கைப்பேசியை எடுத்தார். "அக்கா பக்கத்துல நில்லு பாப்பா. அம்மாவுக்குக் காட்டணும். நிக்கிறீங்களாம்மா, ஒரே நிமிஷம்."

சில்லு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையில இருக்கிறது வேலை லெட்டரா?" என்றார் அவர், கைப்பேசியைக் குறுக்காகத் திருப்பியபடி. "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

சில்லு தாளைப் பார்த்தாள். முனையோடு முனை பொருத்தி, எழுத்தெல்லாம் உள்பக்கம் போகும்படி அதை மடித்தாள். வெளியே வெறும் வெள்ளையாக இருந்தது. பிறகு தூக்கிப் பிடித்தாள்.