ஆரைக்கீரை கேட்ட மனுஷன்

கத்தாரிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வரப்போகும் கணவன் சகாயராஜுக்கு வயலைக் காட்ட, ஃபிளோரா கீழ்வேளூரில் வரப்பில் நின்று வீடியோ காலில் போனைத் திருப்பினாள். போன வாரம்தான் ஆள் விட்டுக் களைக்கொல்லி அடித்திருந்தாள்.

“ஒரு களை இல்ல, பாத்தீங்களா?”

அவன் திரையில் வரப்போரமாகக் கண்ணை ஓட்டினான். பிறகு கேட்டான்.

“வரப்போரம் மண்டிக் கிடக்குமே ஆரைக்கீரை, அது எங்க?”

அவளுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் பாசிப்பருப்பு போட்டு அதைக் கடைந்து வைத்தபோது, “களையெல்லாம் சோத்துல போடுவியா?” என்று தட்டைத் தள்ளியவன் இவன்தான். அதற்குப் பிறகு அவள் அதைச் சமைத்ததே இல்லை.

“டாக்டர் கீரை சாப்பிடச் சொல்றாரு ஃபிளோரா. இங்க கடையில இருக்கறது வாயில வெக்க முடியல. அன்னிக்கு நீ கடைஞ்ச வாசனையே நெனப்புல நிக்குது.”

“இதப் போன வாரம் சொல்லித் தொலைச்சா என்னங்க?” என்று வெடித்தவள், குரல் உடையுமுன் போனை வைத்தாள்.

மருந்து படாத மதகடியில் நாலு கொடி மிச்சமிருந்தது. வேரும் சேறுமாக அள்ளிவந்து கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்தாள். இருபது வருஷமாக ஆரையைக் களையென்று பிடுங்கிய விரல்கள், அதை எப்படி நடுவதென்று தெரியாமல் தடுமாறின.